இழுப்பு மாத்திரை சொன்ன சேதி: டொக்-7 மரபணு பற்றி ஒரு மலையக நிகழ்வு ஆய்வு

2019 ஐப்பசியில் ஒரு மழை நாள். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தாயும் மகளும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். மகளுக்கு வயது 19. கிளினிக் வாசலில் மூன்றே படிகள். முதல் படியில் கால் வைத்ததும், வலது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உடலை மேலே தள்ளினார். அடுத்த படியிலும் அப்படியே. மூன்றாவது படிக்குக் கதவுநிலை கைக்கு எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த மூன்று படிகளிலேயே இடுப்புத் தசைகளின் கதை தெரிந்துவிட்டது. மற்றதைக் கேட்பதில்தான் நான் தவறினேன். (ஊரையும் குடும்பத்தையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பிறந்தபோது குறை எதுவும் இல்லை. ஒரு வயதில் நடந்தார். நான்கு வயதுக்குப் பிறகு அடிக்கடி விழத் தொடங்கினார். லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) பாடசாலைக்குப் போகும் சாலையில் ஏற 64 படிகள். தம்பி பிறக்கும்வரை தாய் சுமந்து போனார், பிறகு பாட்டி. முனி அடித்துவிட்டது என்று கயிறு கட்டினார்கள். 14 வயதில் ஒரு வைத்தியசாலையில் தசைச் சிதைவு நோய் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்து, மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 17 வயதில் படிப்பை விட்டுக் கொழுந்து எடுக்கப் போனார்.

கொழுந்து எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். செடி இடுப்பளவுதான். ஆனாலும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே நாள் முழுக்க நிற்க வேண்டும். கூடைக் கயிறு தலையில் இழுக்கும். சரிவில் கால் ஊன்ற வேண்டும். தோள், கழுத்து, இடுப்பு ஆகிய மூன்றுமே இந்தப் பெண்ணைக் கைவிட்டிருந்தன. நிரையில் எப்போதும் பின்தங்கினார். குறித்த கிலோ வராததால் பல நாட்கள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி அவரைச் சோம்பேறி என்றார். சில வாரங்கள் ஒழுங்காகக் கொழுந்து எடுத்துவிட்டு அடுத்த மாதம் முடியாமல் போனதால், அந்தப் பெயர் இன்னும் உறுதிப்பட்டது. போன மாதம் முடிந்தது இந்த மாதம் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

நான் பாடநூல் கேள்வியைக் கேட்டேன்: “மாலையில் மோசமாகுமா?”

“வேலை செய்தால் மாலையில் எல்லாருக்கும் மோசமாகத்தானே ஐயா இருக்கும்” என்றார்.

நான் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். அவர் சொன்னது ‘ஆம்’ அல்ல. அவருடைய பலவீனம் காலை, மாலையைப் பார்த்து வரவில்லை; வாரங்களையும் மாதங்களையும் பார்த்து வந்தது. இந்த நோயின் முத்திரைகளில் அதுவும் ஒன்று.

பரிசோதனையில் இரண்டு இமைகளும் சற்றுத் தொங்கியிருந்தன. கண்விழிகளோ எல்லாத் திசைகளிலும் தடையின்றி ஓடின. இரட்டைப் பார்வை இல்லை. நாக்கு மெலிந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கைகளை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். 14 நொடியில் விழுந்துவிட்டன. விரல்களிலும் பாதங்களிலும் ஓரளவு நல்ல பலம். குந்தியிருந்து எழும்போது கைகளால் முழங்காலைப் பற்றித் தன்மேலேயே ஏறுவதுபோல் எழுந்தார். நடை வாத்துநடை. தசைநார் அனிச்சைகள் இருந்தன, தொட்டுணர்வில் குறையில்லை.

இரத்தத்தில் கிரியற்றின் கைனேஸ் இயல்பான அளவு. தசைச் சிதைவு என்ற பழைய முடிவு இதிலேயே ஆட்டம் கண்டது. நடை இந்த அளவுக்குக் கெட்டிருக்கும் தசைச் சிதைவில் அந்த நொதி பெரும்பாலும் பல மடங்கு ஏறியிருக்கும். நரம்பை நொடிக்கு மூன்று முறை தூண்டும் சோதனையை நகரத்தில் செய்வித்தோம். பெருவிரல் தசையில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்துப் பக்கத்துத் தசையில் வைத்துப் பார்த்தபோது நான்காவது துடிப்பு முதலாவதைவிட 28 சதவீதம் சிறுத்திருந்தது. கையில் மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நோய் தோளில் இருக்கும்போது விரலில் தேடுவது நம்மிடம் உள்ள ஒரு வழக்கம். விரல் வசதியானது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆக, கோளாறு தசையில் இல்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், சந்தியில், இருந்தது. நான் மயஸ்தீனியா என்று முடிவெடுத்தேன்; உடலின் பிறபொருளெதிரிகளே இந்தச் சந்தியைத் தாக்கித் தசையைச் சோரவைக்கும் நோய் அது. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினின் ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரி இல்லை, அதே சந்தியில் உள்ள மஸ்க் புரதத்துக்கு எதிரானதும் இல்லை என்று அறிக்கைகள் வந்தன. பிறபொருளெதிரி அகப்படாத மயஸ்தீனியாவும் உண்டே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மயஸ்தீனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை.

முதல் சில நாட்கள் இலேசாக இருக்கிறது என்றார். இரண்டாம் வாரம் 64 படிகளில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினேன். இதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்: மருந்தால் மோசமான நோயாளிக்கு அதே மருந்தைக் கூட்டினேன். நான்காம் வாரம் மூச்சுத் திணறலோடு வார்ட்டில் சேர்த்தோம். மூச்சுக் கொள்ளளவு 1.7 லீற்றரிலிருந்து 1.1 லீற்றருக்கு இறங்கியிருந்தது. பைரிடோஸ்டிக்மினை நிறுத்தினோம். ஐந்து நாட்களில் மூச்சு சீரானது.

அந்த ஐந்தாம் நாள், பிளாஸ்க்கில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்த தாய் கட்டிலருகே நின்று சொன்னார்: “ஐயா, போன வருசம் இழுப்பு மாத்திரை குடித்த காலத்தில் மட்டும்தான் இவள் நன்றாக நடந்தாள்.”

முதல் நாளே அதை அவர் சொல்லியிருந்தார். நான் சிரித்தேன். குறிப்பில் எழுதவும் இல்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில், மழைக்கால இருமலுக்கும் நெஞ்சு இரைச்சலுக்கும் சல்பியூட்டமோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தாய் இழுப்பு (ஆஸ்துமா) மாத்திரை என்றது அதைத்தான். மூச்சுக் குழாயை விரிக்கும் மிகப் பழைய, மிக மலிவான மாத்திரை. சளி விடாததால் ஏறத்தாழ இரண்டு மாதம் தொடர்ந்து குடித்திருக்கிறார். அந்த இரண்டாம் மாதத்தில்தான் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்திருக்கிறது. செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) பார்த்தால் தெரியும் என்றார் தாய். நெஞ்சுச் சளி போனதால் உடம்பு தெம்பாகியிருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது இரண்டு தகவல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன: பைரிடோஸ்டிக்மினில் சரிவு, சல்பியூட்டமோலில் ஏற்றம். சிறுவயதில் தொடங்கி, இடுப்பையும் தோளையும் பிடித்து, இமையைத் தொட்டு, விழியை விட்டுவிடும் சந்தி நோய். இதற்குப் பொருந்தும் பெயர்கள் மிகச் சில.

அவற்றில் இரண்டை நேராக எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, சந்தியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அதன் இடத்தில் கட்டிவைக்கும் கொல்க்யூ புரதத்தின் குறைபாடு. அதிலும் பைரிடோஸ்டிக்மின் கெடுதல் செய்யும். ஆனால் அதில் நரம்பை ஒரு முறை தூண்டினால் தசை இரண்டு முறை பதிலளிப்பது வழக்கம். கண்பாவையும் வெளிச்சத்துக்கு மெதுவாகச் சுருங்கலாம். இவருக்கு ஒற்றைத் தூண்டலுக்கு ஒற்றைப் பதில்தான். பாவை சுறுசுறுப்பாகச் சுருங்கியது. மற்றது டொக்-7 மரபணுவின் பிறழ்வு.

கங்காணியின் வேலை

டொக்-7 மரபணு நான்காம் நிறமூர்த்தத்தின் குறுங்கையின் நுனிப் பக்கம் இருக்கிறது. அது எழுதும் புரதத்தில் 504 அமினோ அமிலங்கள். இது நொதி அல்ல, ஏற்பியும் அல்ல. ஒரு புரதத்திடமிருந்து சேதியை வாங்கி மற்றதிடம் சேர்க்கும் இணைப்பிப் புரதம்.

சந்தி உருவாகும் விதம் இது. நரம்பு முனை அக்ரின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது தசைச் சவ்வில் உள்ள எல்ஆர்பி-4 என்ற ஏற்பியில் அமர்கிறது. எல்ஆர்பி-4 பக்கத்தில் நிற்கும் மஸ்க்கைத் தூண்டுகிறது. மஸ்க் ஒரு டைரோசின் கைனேஸ், அதாவது புரதங்களின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பொஸ்பேற்றை ஒட்டிச் சேதி அனுப்பும் நொதி. சவ்வுக்கு வெளியே தலையும் உள்ளே வாலுமாக நிற்கும். அந்த உள்வாலில் டொக்-7 வந்து ஒட்டுகிறது. அங்கிருந்து போகும் சேதியால் ரப்சின் என்ற புரதம், சிதறிக் கிடக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை நரம்பு முனைக்கு நேர் கீழே நெருக்கமாகக் குவிக்கிறது. குவியல் அடர்த்தியாக இருந்தால்தான் நரம்பின் கட்டளைக்குத் தசை தவறாமல் சுருங்கும்.

தோட்டத்து மொழியில் சொன்னால், மஸ்க் துரை (தோட்ட நிர்வாகி), ஏற்பிகள் நிரையில் நிற்க வேண்டிய ஆட்கள், டொக்-7 கங்காணி. சாதாரணக் கங்காணி துரையின் சொல்லைக் கீழே கொண்டுபோவதோடு சரி. இந்தக் கங்காணியோ துரையின் பங்களாவுக்கே போய் அவரைத் தட்டி எழுப்புகிறார். இரண்டு டொக்-7 மூலக்கூறுகள் சோடியாகச் சேர்ந்து இரண்டு மஸ்க்குகளை நெருக்கமாகப் பிடிக்கும்போதுதான் மஸ்க் முழுமையாக விழிக்கிறது. ‘டொக்’ என்ற பெயர் ‘டைரோசின் கைனேஸுக்குக் கீழே உள்ளது’ என்ற பொருளில் வைத்தது. இந்தக் குடும்பத்தின் ஏழாவது உறுப்பினர் மேலேயும் வேலை செய்கிறார் என்பதால், பெயர் பாதிதான் சரி.

இது வெளிவந்தது 2006 இல். யூஜி யமனாஷியின் ஜப்பானியக் குழு, டொக்-7 இல்லாத எலிக்குஞ்சுகள் மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடனே இறப்பதையும் அவற்றின் தசைகளில் ஏற்பிக் குவியலே இல்லாததையும் காட்டியது. அதே ஆண்டு ஒக்ஸ்ஃபர்ட்டில் டேவிட் பீசனின் குழு, இடுப்பு-தோள் வகைப் பிறவி மயஸ்தீனியா (பிறபொருளெதிரியால் அல்ல, மரபணுப் பிசகால் வருவது) உள்ள குடும்பங்களில் இந்த மரபணுவின் பிறழ்வுகளைக் கண்டுபிடித்தது. அவர்கள் பார்த்த நோயாளிகளின் சந்திகள் சிறியவையாக இருந்தன. தனித்தனி ஏற்பி ஒவ்வொன்றும் ஒழுங்காகவே வேலை செய்தது. ஆட்கள் நல்லவர்கள், நிரை குட்டை.

அடிக்கடி காணப்படும் பிறழ்வு மரபணுவின் ஏழாவது எக்ஸோனில் (புரதத்துக்கான சேதி எழுதப்பட்ட துண்டுகளில் ஒன்று) இருக்கிறது. 1124 முதல் 1127 வரையான நான்கு எழுத்துகள் இன்னொரு முறை எழுதப்பட்டுவிடுகின்றன. மரபணு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. நான்கு எழுத்து கூடினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லும் பிசகும். 378 ஆவது அமினோ அமிலத்தில் பிசகத் தொடங்கி, சிறிது தூரத்தில் முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. வால் வெட்டுண்ட புரதம். அந்த வாலில் உள்ள இரண்டு டைரோசின்கள் கீழே உள்ள கிர்க் புரதங்களை அழைக்கும் கொக்கிகள்; அவை போனதுதான் நோய்க்குக் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2021 இல் நியூயோர்க்கில் ஸ்டீவன் பேர்டனின் குழு இதே பிறழ்வை எலியில் உருவாக்கிப் பார்த்தது. கொக்கிகளை மட்டும் கெடுத்த எலிகளைத் தனியாக வளர்த்து ஒப்பிட்டது. சிக்கல் கீழே இல்லை, மேலே: வால் வெட்டுண்ட டொக்-7 ஆல் மஸ்க்கைப் போதுமான அளவு விழிக்கவைக்க முடியவில்லை. மஸ்க்கை வெளியிலிருந்து நேராகத் தூண்டும் பிறபொருளெதிரியைக் கொடுத்தபோது, சாக வேண்டிய எலிக்குஞ்சுகள் பிழைத்தன. கங்காணி வரவில்லையென்றால் துரையை வேறு யாராவது எழுப்பினாலும் போதும் என்று ஆயிற்று. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இது ஒன்று. முடிவு யாரும் எதிர்பார்த்ததாக இல்லை.

பைரிடோஸ்டிக்மின் ஏன் கெடுத்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. சந்தியில் அசிட்டைல்கோலின் நெடுநேரம் தங்குகிறது. காரை பெயர்ந்த கட்டடத்துக்கு வெள்ளை பூசுவதுபோல் முதலில் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஏற்பிக் குவியலைக் கலைப்பதும் அதே அசிட்டைல்கோலின்தான். அக்ரின்-மஸ்க் வழி அதற்கு எதிராக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்கும் கை தளர்ந்தவரிடம் கலைக்கும் கையைப் பலப்படுத்தினேன். சல்பியூட்டமோல் தசையின் பீட்டா-2 ஏற்பிகள் வழியாக வேறு பாதையில் போகிறது. டொக்-7 பிறழ்வுள்ள எலிகளில் அது சந்தியின் கட்டமைப்பையும் தசைப் பலத்தையும் மேம்படுத்துவது காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் முதலில் எபெட்ரினும் பிறகு சல்பியூட்டமோலும் பயன்பட்டன. இரண்டுமே மணிக்கணக்கில் வேலை செய்வதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஏறும்.

மாத்திரையும் கடிகாரமும்

மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். கொவிட் வந்து விமானங்கள் நின்றன. அறிக்கை கைக்கு வந்தது 2021 இல்: மேலே சொன்ன அதே நான்கெழுத்துப் பிறழ்வு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஆனால் மருந்தை அதற்காகக் காத்திருக்க வைக்கவில்லை. இதயத் துடிப்புப் பதிவும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு, 2020 தையில் சல்பியூட்டமோல் 2 மில்லிகிராம் இரண்டு வேளையாகத் தொடங்கி, மெதுவாக 4 மில்லிகிராம் மூன்று வேளைக்குப் போனோம்.

அளவுகோல் எளிமையானது: கைகளை நீட்டிப் பிடிக்கும் நேரம். தாயிடம் ஒரு பழைய மேசைக் கடிகாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) மகளை உட்காரவைத்து, நொடி முள்ளைப் பார்த்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வந்தார். முதல் இரண்டு வாரம் 14, 15. மூன்றாம் வாரம் 22. அந்த வாரம் மகள் தானே தலை வாரிக்கொண்டதாகப் பக்கத்தில் ஒரு குறிப்பு. இரண்டாம் மாத முடிவில் 41. எட்டாம் மாதம் 130. மூச்சுக் கொள்ளளவு 2.3 லீற்றர். கை நடுக்கமும் படபடப்பும் இருந்தன; முதல் மாதத்தோடு பெரும்பாலும் தணிந்தன. ஊரடங்கு நாட்களில் வைத்தியசாலையில் எடுத்த எந்த அளவீட்டையும்விட அந்தக் கொப்பியின் பின்பக்கம் எனக்குப் பயன்பட்டது.

2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. மாத்திரை கிடைக்காமல் ஐந்து வாரம் போயிற்று. 130 இலிருந்து 90, 60, பிறகு 35. மாத்திரை திரும்பக் கிடைத்ததும் மூன்று மாதத்தில் பழைய எண்ணுக்கு அருகில் வந்தார். மருந்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையை நான் செய்திருக்க மாட்டேன். நாட்டு நிலைமை செய்துவிட்டது. எழுத்து வடிவில் என்னிடம் உள்ள மிகத் தெளிவான சான்று, வருந்தத்தக்க விதத்தில், அதுதான்.

குடும்பம்

தாயும் தந்தையும் அத்தை மகன், மாமன் மகள். அறிக்கையை விளக்கியபோது தாய் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்படியென்றால் எங்கள் கல்யாணத்தால்தானா ஐயா?”

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் தாளில் வரைந்து காட்டினேன். இந்த மரபணுவின் ஒரு பிரதி பிசகியிருந்தால் நோய் இல்லை; தாயும் தந்தையும் நோயின்றி இருப்பதே சாட்சி. இரண்டும் பிசகிய பிள்ளைதான் நோயாளி. அப்படிப்பட்ட சோடிக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே தாத்தாவின் பிரதி இரண்டு வழியில் இறங்கி ஒரு பிள்ளையிடம் சேர, உறவுத் திருமணம் வழியை எளிதாக்குகிறது. அதே சமயம் இந்தப் பிறழ்வு உறவே இல்லாத ஐரோப்பியச் சோடிகளின் பிள்ளைகளிலும் ஏராளமாகக் காணப்படுவது. திருமணம் பிறழ்வை உண்டாக்கவில்லை. தாய் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். சமாதானமானாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கேள்வி நேராக வந்தது. மகளுக்கு மாமன் வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். மாமன் மகனைச் சோதிக்காமல் பதில் சொல்ல முடியாது என்றேன். அவரே முன்வந்து இரத்தம் கொடுத்தார். ஒரு பிரதி பிசகியிருந்தது. அப்படியானால் பிறக்கும் பிள்ளைகளில் இரண்டில் ஒன்றுக்கு வாய்ப்பு. இரண்டு வீடுகளிலும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இருக்கவில்லை. என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்களுடைய விடயம். எண்ணைச் சொன்னதோடு என் பங்கு முடிந்தது.

தம்பிக்கு அப்போது 11 வயது. வகுப்பில் அவன் பெயர் ‘தூங்குமூஞ்சி’. அக்காவோடு துணைக்கு வந்த பையன், வாங்கில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல முறை வந்திருக்கிறான். நான் ஒரு முறைகூட அவனைப் பரிசோதிக்கவில்லை. அவன் நோயாளி அல்லவே. அன்று கைகளை நீட்டச் சொன்னேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 38. அவனுக்கும் இரண்டு பிரதிகளும் பிசகியிருந்தன. இப்போது குறைந்த அளவில் மருந்து எடுக்கிறான். இமை கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, பெயர் மாறவில்லை.

அக்கா கொழுந்து மலைக்குத் திரும்பவில்லை. முழுப்பேர் எடுக்க முடியும் நிலையில் இருந்தும், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலைக்குச் சேர்ந்தார். 64 படிகளை இடையில் ஒரு முறை நின்று ஏறுகிறார். அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: பைரிடோஸ்டிக்மின் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுப்பவர் தசைத் தளர்த்திகளில் கவனமாக இருக்கவும்.

மூன்றாவது வரியை அடுத்த வருகையில் சேர்க்க வேண்டியிருந்தது. டிஸ்பென்சரியில் புதிதாக வந்தவர், நெஞ்சில் இரைச்சலே இல்லாத பெண்ணுக்கு எதற்கு இழுப்பு மாத்திரை என்று கேட்டு, கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்.